பொருந்தாத கார் மாடல் கிட்டைப் பொருத்திக் கட்டும் முறை

பிளாஸ்டிக் கார் மாடல் கிட்டுகளில் பெட்டியைத் திறந்த அன்றே பாகங்கள் ஒன்றோடொன்று தாமாக வந்து உட்காருபவையும் உண்டு. எதை எதனோடு சேர்த்தாலும் ஒரு பக்கம் முட்டி மறுபக்கம் இளிப்பவையும் உண்டு. இரண்டாம் வகையைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. அப்படிப்பட்ட கிட்டை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் அந்தக் குறிப்பிட்ட காருக்கு வேறு கிட் கிடைக்காது என்பதுதான் காரணம். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை என்று இந்தப் பக்கத்தில் பெரிய வீடுகளின் கொட்டகைகளில் நின்ற பழைய கார்களைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, எது மனத்தில் நிற்கிறதோ அந்தக் காரைத்தான் கட்டத் தோன்றும். கிட் நன்றாக இருக்கிறது என்பதற்காக வேறொரு காரைக் கட்டுவதில் அவருக்கு நிறைவு வராது.

பொருந்தாத கிட்டோடு போராடுபவர்கள் பலரும் செய்வது, இடைவெளி தெரியும் இடத்தில் பட்டியை (பள்ளம் நிரப்பும் புட்டிக் கலவையை) வைத்து அடைப்பதாகும். அது பலன் தருவதில்லை. இடைவெளி தெரிகிற இடம் ஒன்றாக இருக்கும். அதை உண்டாக்குகிற இடம் வேறாக இருக்கும். பின் பம்பருக்கு மேலே தெரியும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளிக்குக் காரணம், காரின் நடுவில் இருக்கை வைக்கும் உள்தொட்டி கூரைக் கண்ணாடியில் முட்டுவதாக இருக்கலாம். ஆகவே முட்டும் இடத்தைக் கண்டுபிடித்து நீக்குவது முதல் வேலை; அதன் பிறகும் இடைவெளி எஞ்சினால் அதை நிரப்புவது கடைசி வேலை. கீழே சொல்லப்படுவன எல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான வழிகளே.

பாகம் ஏன் பொருந்துவதில்லை

இந்தக் கிட்டுகள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்படுகின்றன. குளிரும்போது பாலிஸ்டைரீன் ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்கும். 170 மி.மீ. நீளமுள்ள பாடிக்கு இது முக்கால் மில்லிமீட்டருக்கும் மேல். அச்சு செய்பவர்கள் இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் அச்சை வெட்டுகிறார்கள். ஆனால் பாடி ஓர் அச்சிலும் சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) வேறோர் அச்சிலும் வார்க்கப்பட்டு, சூடும் அழுத்தமும் குளிரவிடும் நேரமும் ஒன்றுபோல இல்லாவிட்டால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கிவிடும். அச்சிலிருந்து சூடு ஆறும் முன் எடுத்த பாகம் கோணிக்கொள்ளும். பல காலம் உழைத்துத் தேய்ந்த அச்சில் இரு பாதிகளும் சரியாக மூடாமல், விளிம்புகளில் மெல்லிய பிசிறு படரும். அழுத்தம் போதாத இடத்தில், குறிப்பாகப் பின்புறம் தடிப்பாக உள்ள பகுதியில், மேற்பரப்பு குழியும்.

இவற்றோடு நம் ஊர் வெயிலையும் சேர்க்க வேண்டும். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழோ, மூடிய காருக்குள் பின்கண்ணாடி அருகிலோ கிட் பெட்டியைப் பல மணி நேரம் விட்டுவைத்தால், நேராக வந்த பாகமும் வளைந்துவிடும். மெல்லிய நீளமான சேஸிஸ்தான் முதலில் வளையும். பெட்டியை வீட்டின் உட்புறம், தரைக்கு அருகில், கிடைமட்டமாக வைப்பது நல்லது. பெட்டியின் மேல் பாரம் ஏற்றக் கூடாது.

அறுத்தெடுப்பதும் கழுவுவதும்

பாகங்களை, அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு இருக்கும்போதே, பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து எளிதாக வரப் பூசப்படும் எண்ணெய்ப் பொருள் பாகங்களில் தங்கியிருந்தால் பசையும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. பின்னர் சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் காம்பை விட்டு வெட்டி, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் இழைத்து எடுக்க வேண்டும். கையால் முறுக்கி ஒடிப்பதால் பாகத்தின் விளிம்பே பிய்ந்து வந்துவிடும். பிசிறு முழுவதையும் இந்தக் கட்டத்திலேயே சுரண்டி எடுத்துவிட வேண்டும், ஏனெனில் பிசிறு இருக்கும் வரை எந்த அளவும் சரியான அளவு ஆகாது.

கருவிகளைப் பொறுத்தவரை, கூரிய கத்தி, சிறு அரங்கள், 320 முதல் 2000 வரையிலான எண்களில் நீரில் தேய்க்கும் உப்புத்தாள்கள், மாஸ்கிங் டேப், நுண்ணளவு எடுக்கும் காலிப்பர், நுண்ரம்பம் ஆகியவை போதும். உப்புத்தாளும் பட்டியும் கார் பெயின்ட் விற்கும் கடைகளில் கிடைக்கும். சிறு அரங்களும் இடுக்கிகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பொறுமையாகத் தேடினால் அகப்படுவதுண்டு. எனக்கு மிகவும் பயன்படும் அரைவட்ட அரம் அங்கே வாங்கியதுதான்.

இவற்றுக்கு மேலாக ஒன்று கட்டாயம் வேண்டும். அது ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஓரம் மழுக்கிய ஒரு கண்ணாடித் துண்டு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களைச் செய்பவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். கல்லின் முகம் அவ்வளவு சமமாகவும் வழவழப்பாகவும் வருவதற்கு அந்தக் கண்ணாடியின் சமதளமே காரணம். நமக்கும் வீட்டில் நம்பத் தகுந்த சமதளம் கண்ணாடியே. மர மேசை சமமாகத் தோன்றினாலும் அப்படி இருக்காது. பாகம் கோணியிருக்கிறதா என்று பார்க்கவும், உப்புத்தாளை ஒட்டி விளிம்புகளை இழைக்கவும், கடைசியில் நான்கு சக்கரங்களும் தரையைத் தொடுகின்றனவா என்று சோதிக்கவும் இந்த ஒரே துண்டு போதும்.

எது அடிப்படை என்று முடிவு செய்தல்

பொருந்தாத இரண்டு பாகங்களில் எதை மாற்றுவது என்ற கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் வரும். பார்ப்பவர் கண்ணில் படுவது பாடி. ஆகவே அதைக் கூடுமானவரை தொடாமல் விட்டு, மற்ற அனைத்தையும் அதற்கு ஏற்றவாறு மாற்றுவதே முறை. ஆனால் பாடியே தவறாக இருந்தால் என்ன செய்வது? இங்கே உண்மையான காரின் அளவு துணைக்கு வரும். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை எடுத்துக்கொள்வோம். அதன் முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 2,400 மி.மீ. தூரம் உண்டு. 1/24 அளவில், அதாவது உண்மைக் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்காகச் செய்த மாடலில், அது சரியாக 100 மி.மீ. ஆகும், 1/25 அளவில் 96 மி.மீ. ஆகும். கையிலிருக்கும் 1/24 கிட்டில், பாடியின் சக்கர வளைவுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 100 மி.மீ. இருந்து, சேஸிஸில் அச்சுத் துளைகளுக்கு இடையே 98.5 மி.மீ. மட்டுமே இருந்தால், குற்றம் சேஸிஸில் உள்ளது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். எந்தக் காரைக் கட்டினாலும் அதன் அச்சிடைத் தூரம், மொத்த நீளம், அகலம் ஆகிய மூன்றையும் முதலில் தேடி எழுதி, விகிதத்தால் வகுத்து, கிட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடியும் இந்த வேலை பிறகு பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

அடுத்து பாடியைக் கண்ணாடியின் மேல் வைத்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு இரு பக்கமும் ஒரே உயரத்தில் படிகிறதா என்று பார்க்க வேண்டும். முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் குறுக்கே அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லையென்றால் பாடி முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

கோணலை நிமிர்த்துதல்

பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகிவிடும். அதற்குக் கீழே, 65 முதல் 75 டிகிரி வரை சூடான நீரில் மெல்ல வளைந்து கொடுக்கும். கொதிக்கும் நீரில் போட்டால் உருவமே கெட்டுவிடும். கை வைக்க முடியாத சூட்டில், ஆனால் கொதி வராத நீரில், பாகத்தை அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, வேண்டிய நிலைக்குச் சற்று அதிகமாகவே எதிர்த்திசையில் வளைத்துப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் நனைக்க வேண்டும். ஒரே முறையில் நிமிர்த்த முயல்வது விரிசலில் முடியும்; சிறிது சிறிதாக மூன்று நான்கு தடவை செய்வதே பாதுகாப்பு. சூடான நீரைக் கையாளும்போது இடுக்கியும் ரப்பர் கையுறையும் அவசியம்.

வாழைப்பழம் போல வளைந்துவிட்ட சேஸிஸை, தடித்த நேரான இரும்புப் பட்டையோடு சேர்த்து நூலால் இறுகக் கட்டி, அப்படியே சூடான நீரில் வைத்து, கட்டை அவிழ்க்காமல் ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். கண்ணாடிப் பாகங்களுக்கும் குரோம் பூசிய பாகங்களுக்கும் இந்த முறை கூடாது. முன்னவை விரிசல் விடும், பின்னவற்றில் பூச்சு சுருங்கும்.

பாடியின் இரு பக்கச் சுவர்களும் உள்நோக்கிச் சரிந்திருந்தால் சூடு தேவையில்லை. கிட்டின் சட்டத்திலிருந்தே ஒரு நீளக் குச்சியை வெட்டி, சரியான அகலத்துக்கு இழைத்து, உள்தொட்டிக்குக் கீழே வெளியில் தெரியாத இடத்தில் குறுக்காகப் பொருத்தி ஒட்டிவிட்டால் சுவர்கள் விலகி நிற்கும். வெளிநோக்கிச் சரிந்திருந்தால், இரண்டையும் ரப்பர் பேண்டால் மெல்ல இழுத்துக் கட்டி, அதே போன்ற குறுக்குக் குச்சியை ஒட்டி, ஒரு நாள் முழுவதும் அப்படியே விட வேண்டும்.

முட்டும் இடத்தைத் தேடுதல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். எந்தப் பாகத்திலும் பசை வைக்காமல், பெயின்டும் அடிக்காமல், மாஸ்கிங் டேப்பின் துணையோடு காரை முழுவதுமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேராது. எதனால் சேரவில்லை என்பதை ஊகிக்காமல், இரண்டிரண்டு பாகங்களாகச் சோதித்து அறிய வேண்டும்.

முதலில் பாடியும் சேஸிஸும் மட்டும்; உள்தொட்டி, கண்ணாடி, எஞ்சின் எதுவும் வேண்டாம். இரண்டும் விளிம்போடு விளிம்பு படிந்தால் அவற்றுக்கிடையே பிணக்கு இல்லை. பிறகு பாடியும் கண்ணாடியும், அதன் பிறகு பாடியும் உள்தொட்டியும், பிறகு பாடி, கண்ணாடி, உள்தொட்டி மூன்றும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எந்தப் பாகத்தைச் சேர்த்த கணத்தில் சேஸிஸ் கீழே தள்ளப்படுகிறதோ, அதில்தான் குற்றம் இருக்கிறது. மட்டமான கிட்டுகளில் நான் மிக அதிகமாகக் காண்பது உள்தொட்டியின் உயரம்தான். தொட்டியின் பக்கச் சுவர்கள் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்து, பக்கக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் முட்டி, முழுச் சேஸிஸையும் தாழ்த்திவிடும். டாஷ்போர்டின் மேல் விளிம்பு முன்கண்ணாடியில் முட்டுவது அடுத்தபடியாக வரும்.

பாகத்தைக் கண்டுபிடித்த பிறகு, அதில் எந்தப் புள்ளி முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய தேக்குக் கதவை மீண்டும் நிலையில் மாட்டும் ஆசாரி, கதவு எங்கே உரசுகிறது என்று அறியச் சாக்குக்கட்டியை நிலையில் தடவி, கதவைச் சாத்தித் திறந்து, வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் இழைப்பார். இங்கும் அதே முறைதான். மென்மையான பென்சிலின் கரியைப் பாடியின் உட்புற விளிம்பில் தேய்த்து, உள்தொட்டியைப் பொருத்தி லேசாக அழுத்தி எடுத்தால், தொட்டியில் கரி ஒட்டிய இடமே முட்டும் இடம். அந்த இடத்தை மட்டும் அரத்தால் சிறிது இழைத்து, துடைத்து, மீண்டும் கரி தேய்த்துப் பார்க்க வேண்டும். கரி ஒரே புள்ளியில் ஒட்டாமல் விளிம்பு முழுவதும் சீராக ஒட்டத் தொடங்கும்போது பாகம் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடங்களில், எடுத்துக்காட்டாகக் கூரைக்கும் இருக்கையின் முதுகுக்கும் இடையே, குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் மிளகளவு உருண்டைகளை வைத்து, காரைச் சேர்த்து அழுத்திப் பிரிக்க வேண்டும். உருண்டை நசுங்கித் தகடானால், அந்தத் தகட்டின் தடிமனே அங்குள்ள இடைவெளி. உருண்டை கிழிந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக் தெரிந்தால் அங்கே இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கண்ணாடிக்கும் தொட்டிக்கும் இடையே அரை மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்போது பொருந்தினாலும் பெயின்ட் அடித்த பிறகு பொருந்தாது.

பாகங்களை வழிநடத்துவதற்காக வார்க்கப்பட்ட சிறு குச்சிகளையும் துளைகளையும் இத்தகைய கிட்டுகளில் நம்பக் கூடாது. குச்சி துளைக்குள் சரியாகப் போகும், ஆனால் பாகம் ஒரு பக்கமாக விலகி நிற்கும். அப்போது தயங்காமல் குச்சியை வெட்டிவிட்டு, விளிம்புகளைக் கண்ணால் பார்த்து ஒட்டுவதே சரி.

சேஸிஸின் நீளத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்

அச்சிடைத் தூரம் குறைவாக இருக்கும் சேஸிஸை முனைகளில் நீட்டினால் பயன் இல்லை. சக்கரங்கள் வளைவின் நடுவுக்கு வரமாட்டா. முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதியில், நுட்பமான உறுப்புகள் எதுவும் குறுக்கிடாத இடத்தில், மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து நுண்ரம்பத்தால் குறுக்கே அறுக்க வேண்டும். ரம்பம் தின்னும் அகலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேவைப்படும் அளவுக்கு ஸ்டைரீன் பட்டையை இடையில் வைத்து, கண்ணாடியின் மேல் நேர்கோலோடு ஒட்டியபடி இணைத்து, உட்புறத்தில் மெல்லிய ஸ்டைரீன் தகட்டை மேலொட்டாக வைத்தால் வலுவாக நிற்கும். நீளம் அதிகமாக இருந்தால் அதே இடத்தில் இரு கோடுகள் கிழித்து இடைப்பகுதியை எடுத்துவிடலாம். எப்படிச் செய்தாலும் பசை முழுவதும் இறுக ஒரு நாள் விட்ட பிறகே அடுத்த வேலை. உள்தொட்டியின் அடிப்பகுதி சேஸிஸோடு பிணைந்திருக்கும் கிட்டுகளில், இதே அளவு தொட்டியிலும் மாற்றம் தேவைப்படும் என்பதை அறுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டைரீன் தகடு நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஆனால் முக்கோணக் குறிக்குள் 6 என்று அச்சிட்ட உணவுப் பெட்டி மூடிகளும், பழைய சிடி பெட்டிகளும் பாலிஸ்டைரீன்தான். நுரை போன்றதாக இல்லாமல் கெட்டியாக உள்ள எதையும் வெட்டிப் பயன்படுத்தலாம். கிட்டின் பசை அவற்றையும் நன்றாகக் கரைத்துப் பிடிக்கும். பழைய ஏடிஎம் அட்டை வேறு வகைப் பிளாஸ்டிக் என்பதால் அதற்கு அந்தப் பசை உதவாது; ஃபெவிக்விக் போன்ற விரைவுப் பசை வேண்டும்.

பானெட், டிக்கி, கதவு

உண்மைக் காரில் பானெட்டைச் சுற்றி நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். 1/24 அளவில் அது 0.2 மி.மீ. மட்டுமே. இதில் பெயின்ட்டின் தடிமனையும் நினைவில் வைக்க வேண்டும். பிரைமர், நிறம், மேல்வார்னிஷ் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு விளிம்பிலும் 0.1 மி.மீ. வரை ஏறிவிடும். எதிரெதிர் விளிம்புகள் இரண்டையும் சேர்த்தால் 0.2 மி.மீ. போய்விடும். ஆகவே பெயின்டுக்கு முன் ஏறத்தாழ 0.4 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் பிறகு சரியாக வரும். இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; நான்கு தாள்களை அடுக்கி, சுற்றிலும் இடுக்கில் நுழைத்து இழுத்துப் பார்த்தால் எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பது விரலுக்கே தெரியும்.

இறுக்கமான இடத்தில் பானெட்டின் விளிம்பை இழைப்பதற்கு முன், பாடியே அங்கே குறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் சக்கர வளைவுகளுக்கு இடையே குறுக்குக் குச்சியொன்றை வைத்து அரை மில்லிமீட்டர் விரித்தாலே பானெட் தானாக உட்கார்ந்துவிடுவதுண்டு. தளர்வாக உள்ள பக்கத்தில் மெல்லிய ஸ்டைரீன் பட்டையை ஒட்டி, காய்ந்த பிறகு விளிம்போடு சேர்த்து இழைக்க வேண்டும். பானெட் மேலே துருத்தி நின்றால் எஞ்சினின் ஏர் ஃபில்டரையோ ரேடியேட்டரின் மேல் முனையையோ சந்தேகிக்க வேண்டும். களிமண் உருண்டை அங்கும் உண்மையைச் சொல்லிவிடும். டிக்கிக்கும் இதே முறை பொருந்தும். திறக்கும் கதவுகள் உள்ள மட்டமான கிட்டாக இருந்தால், கதவுகளை மூடிய நிலையிலேயே நிரந்தரமாக ஒட்டிவிடுவது என் பரிந்துரை. திறக்கும் கதவுக்காகப் படும் பாட்டின் பலன், மூடிய கதவு சீராக நிற்கும் அழகுக்கு ஈடாகாது.

நிரப்புதல்

இதற்குப் பிறகும் எஞ்சும் இடைவெளிகளை அவற்றின் அளவைப் பொறுத்து நிரப்ப வேண்டும். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எதையும் ஸ்டைரீன் துண்டால்தான் நிரப்ப வேண்டும். அதற்குக் குறைந்ததை, கிட்டின் சட்டத் துணுக்குகளை, பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவப் பசையில் ஓர் இரவு ஊறப்போட்டுக் கரைத்த கூழால் நிரப்பலாம்; அது பாகத்தின் அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தபின் ஒன்றாகிவிடும், ஆனால் காய இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரமென்றால் விரைவுப் பசையோடு முகப்பவுடரைக் குழைத்து வைக்கலாம். இதைச் சில மணி நேரத்துக்குள் இழைத்துவிட வேண்டும், விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, இழைக்கும்போது பக்கத்தில் பள்ளம் விழும். சேஸிஸுக்குள் தெரியாத பெரிய பொந்துகளுக்கு எம்-சீல் போதும்.

தலைமுடி அளவுக் கோடுகளுக்கும் மேலோட்டமான குழிவுகளுக்கும் மட்டுமே பட்டி. கார் பெயின்ட் கடையில் டியூபில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி இதற்குப் பொருத்தமானது. அதிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பட்டி சுருங்கும். கனமாக வைத்தால் மேலே தோல் கட்டி, உள்ளே மாதக்கணக்கில் ஈரமாக இருந்து, அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். காரைக்குடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதையே தன் பாணியில் சொன்னார்: “பட்டியைக் கனமா அப்புனா உள்ள காயாதுண்ணே, இழைச்சு இழைச்சுப் போடுங்க.” ஆகவே மெல்லிய பூச்சாக இட்டு, ஓர் இரவு காயவிட்டு, இழைத்து, தேவையானால் மீண்டும் இட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் காயும் நேரத்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

இழைக்கும்போது உப்புத்தாளை விரலால் பிடிக்காமல், ஐஸ் குச்சியிலோ கெட்டியான அழிப்பானிலோ சுற்றி, நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். விரலின் மென்மை பட்டியைப் பள்ளமாக்கும். பளபளப்பான பெயின்ட் அந்தப் பள்ளத்தை மறைக்காமல் கூட்டிக் காட்டும். 400-இல் தொடங்கி 600, 1000 என்று போவது போதுமானது. பிறகு சாம்பல் நிறப் பிரைமரை மெல்லியதாக அடித்து, சாய்ந்த ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எஞ்சிய குறைகள் எல்லாம் தெரியவரும். இழைப்பில் மறைந்துபோன கதவுக் கோடுகளை, தடித்த டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, ஊசி முனையால் அழுத்தமின்றிப் பலமுறை இழுத்து மீட்க வேண்டும்.

பசை, தின்னர் வேலைகளை முற்றத்தை ஒட்டிய வளவில் செய்வது நல்லது. காற்றோட்டம் இருக்கும், வெளிச்சமும் சாயாது. விளக்கேற்றும் இடத்தின் பக்கத்தில் இவற்றைத் திறக்கவே கூடாது.

கண்ணாடியும் பம்பரும்

தெளிந்த பாகங்கள் மற்றவற்றைவிட எளிதில் உடையும். பொருந்தவில்லை என்று அழுத்தினால் விரிசல் விழும். விழுந்தால் சரிசெய்ய வழி இல்லை. விளிம்புகளை மட்டும் 600 தாளால் இழைத்துப் பொருத்த வேண்டும். முன், பின், பக்கம் என்று எல்லாக் கண்ணாடிகளும் ஒரே வார்ப்பாக வந்து பொருந்தாமல் போனால், கூரைப் பகுதியில் அறுத்துத் தனித்தனியாக்கினால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் அமைதியாக உட்காரும். தட்டையான பக்கக் கண்ணாடிகளை ஒளி ஊடுருவும் ஓஹெச்பி தாளிலிருந்து வெட்டிப் புதிதாகவே செய்துவிடலாம். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே சிறந்தது, காய்ந்ததும் தெளிந்துவிடும். விரைவுப் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும்.

குரோம் பூசிய பம்பர் ஒட்டாமல் விழுந்துகொண்டே இருந்தால், ஒட்டும் இடத்தில் குரோமைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனெனில் திரவப் பசை பிளாஸ்டிக்கைத்தான் கரைக்கும், குரோமைக் கரைக்காது. பம்பரின் தாங்கிகள் உயரம் மாறி நின்றால் அவற்றை நீக்கிவிட்டு, பின்புறம் நுண்துளையிட்டு, 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகி, அதன் மறுமுனையைச் சேஸிஸில் செருகினால், கம்பியை வளைத்து உயரத்தையும் சாய்வையும் விருப்பம்போல் மாற்றலாம்.

நான்கு சக்கரங்களும் தரையில்

கடைசிச் சோதனை சக்கரங்கள். சேஸிஸில் சக்கரங்களை மாட்டிக் கண்ணாடியின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கும் கீழே ஒரு தாள் துண்டை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதாக வெளியே வந்துவிடும் தாளுக்கு மேலிருக்கும் டயர் தரையைத் தொடவில்லை. அந்தச் சக்கரத்தின் அச்சுத் துளையை மேல் கீழாகச் சற்று நீள்வட்டமாக்கி, அச்சைத் தளரவிட்டு, மெதுவாக இறுகும் இரு பகுதி எபாக்சிப் பசையைத் தடவி, நான்கு டயர்களும் கண்ணாடியைத் தொட்டபடி இருக்குமாறு நிறுத்தி, சேஸிஸின் மேல் ஒரு சிறு பாரத்தை வைத்து, மறுநாள் வரை அசைக்காமல் விட வேண்டும். முழுக் காரும் உயரமாகவோ தாழ்வாகவோ நின்றால், 1/24 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மைக் காரில் 24 மி.மீ. என்பதை நினைவில் வைத்து, பழைய புகைப்படத்தில் டயருக்கும் வளைவுக்கும் இடையே எவ்வளவு தெரிகிறது என்று ஒப்பிட்டு மாற்ற வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே பெயின்ட். பெயின்ட் காய்ந்தபின் கண்ணாடி, உள்தொட்டி, சேஸிஸ் என்ற வரிசையில் சேர்க்க வேண்டும். சேஸிஸைப் பாடியோடு பசையால் ஒட்டாமல், பாடியின் உள்ளே ஒட்டிய இரண்டு ஸ்டைரீன் கட்டைகளில் சிறு திருகுகளால் முடுக்கினால், பின்னாளில் ஒரு கண்ணாடி கழன்று விழுந்தாலும் திருகைக் கழற்றி உள்ளே கை வைக்க முடியும்.